மூன்று கையெழுத்தும் ஒரு முள்ளும்

பணிமனையில் அவனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். படித்து வாங்கிய பட்டம் அல்ல. பானெட்டைத் திறக்காமலே காதைச் சாய்த்து, கண்ணை மூடி, இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவான் என்பதால் வந்தது. பாதி நேரம் அது சரியாகவே இருக்கும். மீதி நேரம் அவன் சொன்ன பாகத்தை மாற்றுவார்கள், வண்டி வேறு எதனாலோ சரியாகிவிடும், பெயர் மட்டும் அவனுக்குப் போகும்.

இந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்திருந்தது. மனைவியின் பிறந்த வீட்டில் குழாய் சொட்டினால்கூட, "மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மாப்பிள்ளை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால், குழாய் சொட்டிக்கொண்டே இருந்தாலும் சொட்டவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வீட்டில் இந்த வைத்தியத்தில் முழு நம்பிக்கை வைக்காத ஒரே ஆள் மாமனார்.

மாமனார் மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய், படிக்கட்டின் அடியிலும் கதவுகளின் பின்னாலும் ஒளிந்திருக்கும் மின்சார மீட்டர்களைத் தேடிப் பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தவர். நாய் கடித்திருக்கிறது, வீட்டுக்காரர்கள் கடித்த மாதிரி பேசியிருக்கிறார்கள். ஆனால் அவர் எழுதிய எண் தப்பு என்று ஒருவராலும் நிரூபிக்க முடிந்ததில்லை. வேறு எதைப் பற்றியும் அவர் பெருமை அடித்துக்கொண்டதில்லை. இதை மட்டும் வாரம் ஒரு தடவையாவது, கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொல்லிவிடுவார்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றினார். நான்கு ஜன்னல்களும் எப்போதும் திறந்தே இருக்கும். ஏசிக் காற்று முகத்தில் பட்டால் மாமியாருக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். ஒன்று இரண்டில் நிற்காது, பத்தைத் தாண்டும். நடுநடுவே, இதற்கெல்லாம் நீதான் காரணம் என்று கணவரை ஒரு முறை முறைத்துக்கொள்வார்.

அந்த வண்டிக்குத்தான் வந்தது வினை. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. நெரிசலில் நின்றால் மட்டும், சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. மாமனார் உடனே ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, முள் இறங்கியதும் கிளம்புவார். சில நேரம் ஓரம் கட்டவும் இடம் இருக்காது, நட்டநடு ரோட்டிலேயே நிறுத்திவிடுவார். பின்னாலிருந்து ஹாரன்கள் அவருடைய பெற்றோர் வரைக்கும் விசாரிக்கும். மாமியாருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் அந்த முள் தெரியாது, கண்ணாடியோ எப்போதும் வீட்டில்தான் இருக்கும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றி நின்று பார்க்கிற ஜனங்கள்தான்.

"மாப்ள, ரேடியேட்டர் ஃபேன் ஓட மாட்டேங்குது. ஒரு நாள் பாருங்களேன்" என்றார் மாமனார்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. நோயாளி நோயைச் சொல்லலாம், நோயின் பெயரையே சொல்லலாமா?

"அத நாங்க பாத்துச் சொல்றோம் மாமா. நீங்க வண்டிய மட்டும் விடுங்க."

பணிமனைக்குத் தகரக் கூரை. காலை பத்து மணிக்கே உள்ளே நிற்கிறவன் வேகத் தொடங்கிவிடுவான். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டிக்குள் யார் ஏறினாலும் முதலில் எஞ்சின், அடுத்த விநாடி ஏசி, அதுவும் முழு வேகத்தில். எந்தப் புத்தகத்திலும் எழுதாத விதி. ஆனால் புத்தகத்தில் எழுதிய எந்த விதியையும் அங்கே இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் கடைப்பிடித்ததில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது. அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனைக் கிளப்பிவிட இரண்டு வழி. ஒன்று, ரேடியேட்டரிலேயே திருகி வைத்திருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். தண்ணீர் சூடானால் அது ஃபேனைத் தட்டி எழுப்பும். இன்னொன்று ஏசி. அதைப் போட்டால் தண்ணீர் சூடானாலும் ஆகாவிட்டாலும் ஃபேன் ஓடியே தீரும். மாமனார் வண்டியில் செத்துக் கிடந்தது அந்தச் சின்ன சுவிட்ச். டாக்டர் உள்ளே ஏறி, ஏசியைப் போட்டு, குளிர்ந்த காற்றில் கண்ணை மூடிக் கேட்டது ஏசி ஓடவைத்த ஃபேனின் சத்தத்தை.

"என்னமா ஓடுது! இதப் போய் ஓடலைங்கறார்" என்றான்.

கோளாறு சொல்கிற கம்ப்யூட்டரை மாட்டினான். அதுவும் வாயைத் திறக்கவில்லை. அந்த சுவிட்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு வயர்கூடக் கிடையாது, பாவம் அது என்ன சொல்லும். பிறகு அறுபத்து நான்கு கட்டங்கள் உள்ள பரிசோதனைத் தாளை எடுத்தான். 'மின்விசிறி சுழல்கிறதா?' என்ற கட்டத்தில் 'ஆம்' போட்டான். கீழே 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதி, நீட்டி ஒரு கையெழுத்து, அதன் மேல் ஒரு முத்திரை.

அடுத்த வாரமே மாமனார் நடுரோட்டில் நின்றார். இந்தத் தடவை கையில் ஒரு குறிப்பேட்டோடு வந்தார். தேதி, நேரம், எந்த இடம், எத்தனை நிமிடம் நின்றது, முள் எங்கே இருந்தது எல்லாம் அதில் இருந்தன. மொத்தம் பதினாலு குறிப்பு, முப்பத்தொரு வருடக் கையெழுத்தில். டாக்டர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அறுபத்து நான்கு கட்டங்களில் குறிப்பேட்டுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. ஏறினான், ஏசியைப் போட்டான், கேட்டான். இரண்டாவது கையெழுத்து.

இரண்டு கையெழுத்து விழுந்த பிறகு வீட்டில் பேச்சு மாறியது. வண்டி நன்றாக இருக்கிறது, ஆனாலும் நடுரோட்டில் நிற்கிறது என்றால் மிச்சம் இருப்பது ஓட்டுகிற ஆள்தானே? மனைவி அப்பாவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நிஜ மருத்துவர், சுவரில் சட்டம் போட்ட பட்டங்கள். அவர் கண்ணைப் பார்த்தார், முழங்காலில் தட்டினார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மாமனார் இரண்டு வரைக்கும் கழித்துவிட்டு, "மைனசுக்கும் போகணுமா?" என்று கேட்டார்.

மருத்துவர் கொஞ்சம் குழம்பித்தான் போனார். "வண்டிய செக் பண்ணீங்களா?"

மனைவி இரண்டு தாள்களையும் நீட்டினாள். முத்திரையைப் பார்த்ததும் மருத்துவருக்குத் தெளிவு பிறந்துவிட்டது. மாமனார் தன் பக்கத்து ஆதாரமாகக் குறிப்பேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டார்: "இப்படி எழுதி வைக்கிற பழக்கம் எப்பலேருந்து இருக்கு?"

இரவில் ஒரு மாத்திரை, காலையில் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது தடவை வண்டி பணிமனைக்கு வந்தபோது டாக்டர் காதைச் சாய்க்கவும் இல்லை. மாமனார் மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அவனுக்கு இப்போது தெரியும், அதைவிட என்ன பரிசோதனை வேண்டும்? ஏசியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மொபைலில் ஒரு வீடியோவை முடித்துவிட்டு, மூன்றாவது கையெழுத்தைப் போட்டான். மருத்துவர் இவன் தாளை நம்பி மாத்திரை கொடுத்தார், இவன் அந்த மாத்திரையை நம்பித் தாள் கொடுத்தான். இரண்டு பேரும் தத்தம் தொழிலில் நல்ல பெயர் எடுத்தவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மனைவி சொன்னாள். "அப்பா, சாவியக் குடுத்துடுங்க. எங்களுக்குப் பயமா இருக்கு."

"நான் பாத்தேன்மா. முள்ளு ஏறுச்சு."

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். டாக்டர் அவருடைய தோளில் கை வைத்து, நோயாளிகளிடம் பேசுகிற குரலில், "மாமா, வண்டில ஒண்ணுமே இல்ல. நானே மூணு தடவ பாத்துட்டேன்" என்றான்.

அவர் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை எடுத்து டீப்பாய்மேல் சத்தமில்லாமல் வைத்தார்.

சாவி கைமாறியதும் ஓட்டுகிற வேலையும் கைமாறியது. மாமியாரைக் கடைக்கும் பல் டாக்டரிடமும் கூட்டிப்போகிற பொறுப்பு மாப்பிள்ளை தலையில் விழுந்தது. இரண்டு மாதம் அப்படியும் இப்படியும் தட்டிக் கழித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை வசமாக மாட்டிக்கொண்டான். வண்டியில் ஏறியதும் அவன் கை தானாக ஏசிக்குப் போயிற்று.

"வேணாம் மாப்ள, எனக்குத் தும்மல் வந்துடும்."

ஜன்னல்களை இறக்கிவிட்டுக் கிளம்பினான். பாதி வழியில் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். வண்டிகள் அப்படி அப்படியே நின்றன. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மாமியார் தன் பற்களின் வரலாற்றை மேல்வரிசையிலிருந்து தொடங்கியிருந்தார். தற்செயலாக டாக்டரின் கண் டாஷ்போர்டின் மேல் விழுந்தது. முள் பாதியைத் தாண்டியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முக்காலைத் தொட்டது.

காதைச் சாய்த்தான். முன்னால் ஃபேன் சத்தம் இல்லை, மூச்சுகூட இல்லை. முள் சிவப்புக் கோட்டை நெருங்க, வேறு வழி தெரியாமல் நட்டநடு ரோட்டில் எஞ்சினை அணைத்தான். பின்னால் ஹாரன்கள் தொடங்கின.

மாமியார் பற்களை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் இல்லை, இரக்கம்.

"ஐயோ மாப்ள! உங்களுக்குமா?"

"இல்ல அத்தை, முள்ளு... நிஜமாவே ஏறுச்சு."

"அவரும் இப்படித்தான் சொல்வாரு" என்றார் மாமியார், அவன் கையைத் தட்டிக் கொடுத்தபடி. "பயப்படாதீங்க, அந்த மாத்திரை நல்லாக் கேக்குதாம்."

முள் இறங்கியதும் வண்டியை வீட்டுக்குத் திருப்பினான். தான் கண்ணால் பார்த்ததைச் சொல்லியும் ஒருவர் அனுதாபத்தோடு தலையாட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவமானமாக இருந்தது, அழுகை வருகிற அளவுக்கு.

திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், வண்டியைப் பணிமனையின் கடைசி மூலையில் விட்டு, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக அங்கே ஏசி இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டான். முள் ஏறியது, ஃபேன் அசையவில்லை. ரேடியேட்டர் சுவிட்சில் மாட்டியிருந்த வயரைப் பிடுங்கி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தான். ஃபேன் உடனே சீறிக்கொண்டு சுழன்றது. ஃபேன் நல்ல ஃபேன், வயர் நல்ல வயர், செத்தது சுவிட்ச். கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

மாமனாரின் குறிப்பேடு வண்டியின் டிராயரிலேயே கிடந்தது. முதல் தடவையாகப் பிரித்தான். ஒன்பதாவது குறிப்பில் இப்படி இருந்தது: 'நின்று எட்டு நிமிடம். முள் முக்கால். ஏசி போட்டேன், முள் இறங்கியது. அவளுக்குத் தும்மல். ஏசி அணைத்தேன், மறுபடி ஏறியது. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.'

டாக்டர் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லத்தான் வந்திருந்தார். இவன்தான் கேட்கவில்லை.

ஆனாலும் மனுஷ புத்தி லேசுப்பட்டதா? அந்த மாதம்தான் பணிமனையை மேற்பார்க்கிற ஃப்ளோர் இன்சார்ஜ் பதவிக்கு அவன் பெயர் பரிந்துரையாகப் போயிருந்தது. மூன்று தாளும் தப்பு என்று எந்த வாயால் சொல்வது? சத்தமில்லாமல் புது சுவிட்சை மாட்டினான். செத்ததைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எங்கேயும் ஒரு வரி எழுதவில்லை. சாயங்காலம் நேராக மாமனார் வீட்டுக்குப் போய், சாவியை நீட்டினான்.

"வண்டிய ஒரு தடவ முழுசா சர்வீஸ் பண்ணிட்டேன் மாமா. இனிமே நீங்களே ஓட்டுங்க."

மாமனார் சாவியைத் தொடவில்லை. "வண்டிக்கு என்ன மாப்ள, அது எப்பவுமே நல்லாத்தான இருக்கு. எனக்குத்தான சரியில்ல." பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், மணி என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லு, மாத்திரை போடணும்."

கடிகாரம் அவர் தலைக்கு நேர் எதிரே சுவரில் மாட்டியிருந்தது. நல்ல பெரிய கடிகாரம், பெரிய முட்கள்.

"அங்க இருக்கே மாமா" என்றான் டாக்டர்.

"தெரியுது. ஆறே கால்னு தெரியுது. இருந்தாலும் அவளும் ஒரு தடவ பாக்கட்டும்." சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து டாக்டருக்கு உள்ளே என்னவோ அறுந்தது. முப்பத்தொரு வருடம் ஊராருக்கு முள் பார்த்துச் சொன்ன மனிதர் சுவர்க் கடிகாரத்துக்கு இரண்டாவது ஆளைத் தேடுகிறார். அதைச் செய்தது மூப்பு இல்லை, தான் போட்ட மூன்று கையெழுத்து என்று அவனுக்குத் தெரிந்தது. பதவியாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது.

சொல்லிவிட்டான். ஏசி, சுவிட்ச், கம்பித் துண்டு, ஒன்பதாவது குறிப்பு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினான். "தப்பு என்னுது மாமா. நீங்க பாத்தது அத்தனையும் சரி."

மாமனார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தங்கமான மனசு மாப்ள. நான் வருத்தப்படக் கூடாதுன்னு இவ்வளவு யோசிச்சு ஒரு கத கட்டிட்டு வந்திருக்கீங்க."

"கதையில்ல மாமா, நிஜம்."

"அப்ப அந்த மூணு பேப்பர்ல எழுதினது?"

"அதுதான் பொய்."

"சேச்சே. தொழில்ல நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க. முத்திரை வேற குத்தியிருக்கு."

அடுத்த ஞாயிறு காலையில் டாக்டர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாமனார் வீட்டு வாசலில் இறங்கி வேலை செய்தான். புது சுவிட்சைக் கழற்றிவிட்டு, செத்த சுவிட்சையே மறுபடி மாட்டினான். தண்ணீரை நிரப்பினான். நல்ல பாகத்தைக் கழற்றிக் கெட்ட பாகத்தை மாட்டுவதற்கு உலகத்தில் எந்த மெக்கானிக்கும் இவ்வளவு அக்கறை காட்டியிருக்க மாட்டான். மாமனாரை வற்புறுத்திப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, ஜன்னல்களை இறக்கி, எஞ்சினைக் கிளப்பினான். இரண்டு பேரும் முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது, வேர்வை வழிந்தது. கால் மணி நேரம் போனதும் முள் பாதியை விட்டு நகர்ந்தது.

"பாருங்க மாமா. ஏறுதா?"

மாமனார் குனிந்து பார்த்தார். நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏறுற மாதிரிதான் இருக்கு மாப்ள. எனக்கு எப்பவுமே இது ஏறுற மாதிரிதான் தெரியும்."

"தெரியறது இல்ல மாமா, ஏறுது! எனக்கும் ஏறுது!"

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

டாக்டர் ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினான். முள் முக்காலைத் தாண்டிச் சிவப்பைத் தொட்டது. அவன் எஞ்சினை அணைக்கவில்லை. வண்டி போனால் போகட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தான். முன்னால் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. முதலில் மெல்லியதாக, பிறகு புஸ்ஸென்று கண்ணாடியையே மறைக்கிற மாதிரி.

மாமனார் அந்த ஆவியை அசையாமல் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வீட்டுப் படியை நோக்கி நடந்தார்.

"எங்க மாமா போறீங்க?"

"மாத்திரை போட. முன்னெல்லாம் முள்ளு மட்டும்தான் தெரியும். இப்ப புகையும் தெரிய ஆரம்பிச்சிடுச்சு."

அவர் இரண்டாவது படியில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து மாமியார் தலைவிரிகோலமாக ஓடிவந்தார், கையில் ஒரு வாளித் தண்ணீரோடு.

"ஐயையோ, வண்டி எரியுது! என்னங்க, பாத்துட்டு மரம் மாதிரி நிக்கிறீங்களே!"

மாமனார் நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

"உனக்கும் தெரியுதா?"

"தெரியாம என்ன? தெருவுக்கே தெரியுது! எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?"

மாமனார் படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று டாக்டருக்குத் தெரியவில்லை, கிட்டே போய்ப் பார்க்கிற தைரியமும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, புகைக்கு நடுவில் பேந்தப் பேந்த விழித்தபடி நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து மாமனார் எழுந்தார். வேட்டி முனையில் முகத்தைத் துடைக்கிறவர் இல்லை அவர், கைக்குட்டையை எடுத்து மடிப்புக் கலையாமல் ஒற்றிக்கொண்டார். நேராக வண்டியிடம் வந்தார். மாப்பிள்ளையின் கையிலிருந்த சாவியை, கேட்காமலே, எடுத்துக்கொண்டார். மாமியார் வாளியைத் தூக்கியதும் அவர் குரல் வந்தது, முப்பத்தொரு வருடம் பூட்டிய கதவுகளைத் திறக்கவைத்த குரல்.

"கீழ வை அத. கொதிக்கிற எஞ்சின்ல பச்சத் தண்ணி ஊத்தக் கூடாது. மூடியையும் தொடாத. பத்து நிமிஷத்துல தானா இறங்கும்."

டாக்டர் உதவி செய்யும் நினைப்பில் பானெட்டுக்குக் கையை நீட்டினான். மாமனார் அவனை மரியாதையாகத் தடுத்தார்.

"நீங்க தள்ளி நில்லுங்க மாப்ள. உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல."